இரும்பு நுரையீரலோடு கல்லூரிக்குப் போனவர்

நுரையீரலுக்குத் தானாக மூச்சு இழுக்கத் தெரியாது. இதயம் தன்னிடமுள்ள தசையாலேயே துடிக்கிறது. நுரையீரலிடம் அப்படித் தன்னை விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. சுற்றியிருப்பவைதான் அதற்காக உழைக்கின்றன.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மேல்நோக்கி வளைந்த ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது கீழே இறங்கும். விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் விலாக்கூட்டைத் தூக்கும். மார்புக்குள் இடம் பெரிதாகும், அங்கே அழுத்தம் குறையும். வெளியில் உள்ள காற்றின் அழுத்தம் அதைவிட அதிகம் என்பதால் காற்று மூக்கு வழியே உள்ளே புகுந்துவிடும். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் பலூனைத் தொங்கவிட்டு, அடியில் ரப்பர் தோலைக் கட்டி இழுத்துப் பார்க்கும் சோதனையைப் பள்ளியில் செய்திருப்பீர்கள். ரப்பரை இழுத்தால் பலூன் உப்பும். பலூனுக்குள் யாரும் ஊதவில்லை. அதைச் சுற்றியுள்ள இடத்தைத்தான் பெரிதாக்கினோம்.

இவ்வளவு வேலைக்கும் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. தண்டுவடம் வழியாக இறங்கி, நரம்பு வழியாகத் தசையை அடைகிறது. போலியோ வைரஸ் கெடுப்பது இந்த வழியைத்தான். தண்டுவடத்தில் தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்புச் செல்களை அது தாக்கி அழிக்கும். நுரையீரலில் கோளாறு இல்லை. தசையும் முதலில் நன்றாகவே இருக்கும். ஆனால் கட்டளை வந்து சேராது. அப்போது கால் அசையாது, கை அசையாது. தாக்குதல் கடுமையாக இருந்தால் உதரவிதானமும் அசையாது.

1953-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எட் ராபர்ட்ஸ் என்ற பையனுக்கு அதுதான் நடந்தது. வயது 14. அதுவரை ஓடி ஆடி விளையாடியவன். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனான். கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. ஒரு கையில் இரண்டு விரல்களும், சில கால்விரல்களும் மட்டும் அசைந்தன. ஜோனாஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று 1955 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது. எட்டுக்கு அது இரண்டு ஆண்டு தாமதம். நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது உங்கள் வாயில் விட்ட சொட்டு மருந்தும் இதே நோய்க்கு எதிரானதுதான். இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் இந்த நோய் வந்தது. 2014-இல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

எட்டை ஓர் இரும்புப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். அதன் பெயர் இரும்பு நுரையீரல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கியது. 1928 அக்டோபரில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 8 வயதுச் சிறுமி ஒருத்திக்காக முதல்முறை பயன்பட்டது. நீண்ட உருளை. அதற்குள் கழுத்து வரை உடல் இருக்கும், தலை மட்டும் வெளியே. கழுத்தைச் சுற்றிக் காற்றுப் புகாதபடி ரப்பர் பட்டை. மோட்டாரால் இயங்கும் பம்பு உருளைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கும். உடனே மார்பு விரியும், வாய் வழியாகக் காற்று உள்ளே போகும். அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும்போது மார்பு சுருங்கி மூச்சு வெளியேறும். பாட்டில் பலூன் சோதனையின் அதே தத்துவம். உதரவிதானம் உள்ளே இருந்து செய்ய வேண்டியதைப் பெட்டி வெளியே இருந்து செய்கிறது.

எட் உயிர் பிழைத்தான். ஆனால் மனம் விட்டுப்போயிற்று. இனி இவனால் எதுவும் ஆகாது என்று மருத்துவர் அம்மாவிடம் பேசியது அவன் காதிலும் விழுந்தது. அவன் சாப்பிட மறுத்தான். தனியாக அமர்த்தியிருந்த செவிலியர்கள் வற்புறுத்தி ஊட்டிப் பார்த்தார்கள். உடல் இளைத்துக்கொண்டே போயிற்று. கடைசிச் செவிலியரும் விடைபெற்றுப் போன நாளில் ஒரு மாற்றம் நடந்தது. இனி ஊட்ட யாரும் வற்புறுத்தப்போவதில்லை. சாப்பிடுவதா வேண்டாமா என்பது முழுக்க அவன் கையில். அன்று அவன் வாழ்வது என்று தீர்மானித்தான், உணவு கேட்டான். அந்த உணவையும் வேறொருவர்தான் ஊட்டினார். முன்பு ஊட்டியதற்கும் இதற்கும் பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வேறுபாடு, இந்த முறை அவன் கேட்டு வாங்கினான் என்பதுதான். எட்டின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இது. பின்னால் அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

அடுத்து அவன் கற்றுக்கொண்டது ஒரு விந்தையான மூச்சு. அதைப் புரிந்துகொள்ளத் தவளையைப் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் தவளையை உற்றுப் பாருங்கள். தொண்டைப் பகுதி விடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தவளைக்கு நம்மைப் போன்ற விலாக்கூடு இல்லை, உதரவிதானமும் இல்லை. மார்பை விரித்துக் காற்றை இழுக்க அதனால் முடியாது. அதனால் அது வேறு வழி வைத்திருக்கிறது. வாயில் காற்றை நிரப்பும், மூக்குத் துளைகளை மூடும், வாயின் அடிப்பகுதியை உயர்த்தும். வேறு போக்கிடம் இல்லாத காற்று நுரையீரலுக்குள் போகும். நாம் காற்றை இழுக்கிறோம், தவளை காற்றைத் தள்ளுகிறது.

மனிதர்களாலும் இதைப் பழக முடியும். நாக்காலும் தொண்டைத் தசைகளாலும் காற்றைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். ஒரு தள்ளலில் சில பத்து மில்லி லிட்டர் காற்றுதான் போகும். நாம் அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ அரை லிட்டர். ஆகவே பல தள்ளல்கள் சேர்ந்தால்தான் ஒரு மூச்சு. போலியோவால் மூச்சுத் தசைகளை இழந்தவர்களுக்கு இது எப்படி முடிகிறது என்று கேட்பீர்கள். நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து கிளம்புவதில்லை, மூளையின் அடிப்பகுதியிலிருந்து நேராக வருகின்றன. தண்டுவடம் பாதிக்கப்பட்டாலும் இவை தப்பிப் பிழைக்கலாம். போலியோ நோயாளிகள் இப்படி மூச்சு விடுவதைக் கவனித்து மருத்துவர்கள் 1950-களின் தொடக்கத்தில் எழுதி வைத்தார்கள். தவளை மூச்சு என்றே இதற்குப் பெயர்.

எட் இதைக் கற்றான். ஆனால் விழித்திருக்கும்போது மட்டுமே இப்படி மூச்சு விட முடியும், தூங்கினால் நின்றுவிடும். தொடர்ந்து செய்தால் களைப்பும் வரும். அதனால் இரவு முழுவதும் இரும்பு நுரையீரலுக்குள் உறங்குவான், பகலில் சில மணி நேரம் வெளியே வருவான், களைத்தால் திரும்பவும் பெட்டிக்குள் போவான். பெட்டியே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அவனுக்கு ஒரு பகலும் கிடைத்திருக்காது. இரவில் இயந்திரம் தந்த ஓய்விலிருந்துதான் பகலில் வெளியே வரும் நேரம் அவனுக்குக் கிடைத்தது.

வீடு திரும்பியதும் தொலைபேசி வழியாகப் படிப்பு நடந்தது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது வீட்டில் கேட்கும், இவன் பேசுவது வகுப்பில் கேட்கும். எட்டுக்கு அதுவே வசதியாக இருந்தது. வெளியே போனால் எல்லாரும் உற்றுப் பார்ப்பார்களே என்ற அச்சம். அம்மா ஸோனா விடவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். போனான். எல்லாரும் பார்த்தார்கள், அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பார்க்கட்டுமே என்ற துணிவு வந்தது. என்னை ஒரு நட்சத்திரமாக நினைத்துக்கொண்டேன் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார்.

பள்ளிப் படிப்பு முடியும் நேரத்தில் ஒரு சிக்கல். உடற்பயிற்சிப் பாடத்தையும் கார் ஓட்டும் பயிற்சியையும் முடிக்கவில்லை, ஆகவே சான்றிதழ் தர முடியாது என்றது நிர்வாகம். கழுத்துக்குக் கீழே அசையாதவரிடம் கேட்கிற கேள்வியா இது! அம்மாவும் மகனும் சேர்ந்து போராடிச் சான்றிதழ் வாங்கினார்கள்.

பிறகு உள்ளூர்க் கல்லூரியில் படித்தார். (இனி அவர் பையன் இல்லை, மரியாதையோடே சொல்வோம்.) அடுத்து பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்க விரும்பினார். படிப்புக்கு உதவ வேண்டிய மாநில மறுவாழ்வுத் துறை, இவர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை என்று உதவ மறுத்தது. செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகு இறங்கி வந்தது. பல்கலைக்கழகத்திலும் தயக்கம். அவருடைய இரும்பு நுரையீரல் ஏறத்தாழ 360 கிலோ எடை. மாணவர் விடுதிகளில் அதை வைக்க வழியில்லை. மாணவர் மருத்துவப் பிரிவின் தலைவராக இருந்த ஹென்றி புருயின் ஒரு யோசனை சொன்னார்: வளாகத்திலுள்ள கவல் மருத்துவமனையில் ஓர் அறையில் தங்கலாமே?

மருத்துவமனை என்றால் எப்படி இருக்கும் என்று எட்டுக்கு நன்றாகத் தெரியும். எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, யார் வந்து பார்ப்பது, விளக்கை எப்போது அணைப்பது என எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் தீர்மானிப்பார்கள், ஆனாலும் தீர்மானம் அவர்களுடையது. ஆகவே எட் ஒரு நிபந்தனை வைத்தார். அந்த இடம் எனக்கு விடுதியாக இருக்க வேண்டும், நான் அங்கே மாணவன், நோயாளி இல்லை. புருயின் ஒப்புக்கொண்டார். 1962-இல் எட் பெர்க்லியில் சேர்ந்தார். தம்பி ரானும் அங்கே படித்துக்கொண்டே அண்ணனுக்கு உதவியாளராக இருந்தார்.

அடுத்த ஆண்டு ஜான் ஹெஸ்லர் என்ற மாணவர் வந்தார். நீரில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். கவல் மருத்துவமனையின் அந்தப் பகுதி இரவில் அரட்டையும் விவாதமுமாக நிஜமான விடுதியாகவே மாறியது. தங்கள் கூட்டத்துக்கு 'ரோலிங் குவாட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கைகால் செயலிழந்தும் உருண்டோடுபவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அங்கே அவர்கள் கண்டுபிடித்த ஒன்றை எந்த ஆய்வகக் கண்டுபிடிப்புக்கும் குறைவில்லாததாக நான் மதிக்கிறேன். குளிப்பாட்ட, உடை மாற்ற, ஊட்ட, கழிப்பறைக்கு அழைத்துப் போக உதவியாளர்கள் தேவை. அந்த உதவியாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். எப்படித் தூக்க வேண்டும், எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று தாங்களே பயிற்சி கொடுத்தார்கள். ஒழுங்காக வராதவரைத் தாங்களே நிறுத்தினார்கள். உடம்பால் செய்ய முடியாததை இன்னொருவர் கை செய்தது. என்ன செய்ய வேண்டும் என்பதை இவர்கள் சொன்னார்கள்.

இதிலிருந்து வளர்ந்த மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. ஒருவர் யார் உதவியும் இல்லாமல் தானே உடை உடுத்துகிறார், அதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. முடிக்கும்போது களைத்து, அன்று வெளியே எங்கும் போகாமல் படுத்துவிடுகிறார். இன்னொருவர் உதவியாளர் கையால் 15 நிமிடத்தில் உடுத்திக்கொண்டு கல்லூரிக்குப் போய்விடுகிறார். இருவரில் யார் தன் விருப்பப்படி வாழ்கிறார்? பழைய மருத்துவ முறை முதலாமவரைத்தான் பாராட்டியது. பொத்தானைத் தானே மாட்டுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தது. பெர்க்லி மாணவர்கள் இரண்டாமவர் பக்கம் நின்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். உங்கள் வகுப்பில் கண்ணாடி போட்டிருக்கும் நண்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கரும்பலகையைப் படி, அப்போதுதான் நீ சொந்தக் காலில் நிற்பவன் என்று யாராவது சொல்வார்களா?

எட்டின் சக்கர நாற்காலிக் கதையும் இதில் சேரும். கனடாவில் ஜார்ஜ் கிளைன் என்ற பொறியாளர், இரண்டாம் உலகப் போரில் கைகால் செயலிழந்த வீரர்களுக்காக மோட்டார் சக்கர நாற்காலியை உருவாக்கியிருந்தார். ஒரு சிறு கைப்பிடியை அசைத்தால் போதும், நாற்காலி ஓடும். ஆனால் இரண்டே விரல் அசையும் உன்னால் இதை ஓட்ட முடியாது என்று எட்டிடம் சொல்லிவிட்டார்கள். அவரும் பல ஆண்டுகள் பிறர் தள்ளும் நாற்காலியிலேயே இருந்தார். பிறகு ஒரு பெண்ணிடம் அன்பு கொண்டார். இருவரும் பேசிக்கொண்டு போகும்போது பின்னால் எப்போதும் ஓர் உதவியாளர் தள்ளிக்கொண்டு வருவது தொந்தரவாக இருந்தது. மறுபடி முயன்று பார்த்தார். கைப்பிடியை முன்னே தள்ளும் வலு விரல்களில் இல்லை, இழுக்கும் வலு இருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியையே திருப்பி வைத்தார்கள், நாற்காலி ஓடியது! இத்தனை ஆண்டுகளாகக் குறை அவர் விரல்களில் இருப்பதாக எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெட்டி வைத்திருந்த திசையில் இருந்தது குறை.

நாற்காலி ஓட ஆரம்பித்ததும் புதிய தடைகள் கண்ணில் பட்டன. நாற்காலி நடுவழியில் பழுதானால்? பழுது பார்க்கத் தனிக் கடை வேண்டும். தங்க வீடு தேட வேண்டும். உதவியாளர்களைத் தேடித் தர ஓர் இடம் வேண்டும். இவை எல்லாவற்றையும் செய்ய 1970-இல் பல்கலைக்கழகத்திலேயே ஒரு திட்டம் தொடங்கியது. நடத்தியவர்களும் மாற்றுத்திறனாளிகளே. ஊர் மக்களும் உதவி கேட்டு வர ஆரம்பித்தார்கள். 1972-இல் பெர்க்லி நகரில் எல்லாருக்குமான சுயசார்பு வாழ்வு மையம் பிறந்தது. இன்று அதைப் பின்பற்றிய மையங்கள் உலகின் பல நாடுகளில் இருக்கின்றன.

இன்னொரு தடை நடைபாதை. சாலையிலிருந்து நடைபாதை ஒரு சாண் உயரம்கூட இருக்காது. நடப்பவர் கவனிக்கவே மாட்டார். மோட்டார் நாற்காலிக்கு அது மதில். இவர்கள் நகராட்சியிடம் வாதாடினார்கள். 1970-களின் தொடக்கத்தில் பெர்க்லியின் தெருமுனைகளில் நடைபாதை விளிம்பை வெட்டிச் சரிவு அமைக்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சரிவின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நாற்காலியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். நேராகத் தூக்கினால் அந்த 100 கிலோ முழுவதையும் தூக்க வேண்டும். சாய்தளம் வழியாக ஏற்றினால் எடை முழுவதும் நம் மேல் விழாது, பெரும்பகுதியைத் தளமே தாங்கிக்கொள்ளும். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வைத்தால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் 8 கிலோவைத் தூக்கும் விசையே போதும். அதற்கு விலையாகக் கூடுதல் தூரம் போக வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரம் ஏற 180 சென்டிமீட்டர் நீளம். இந்த 12-க்கு 1 என்ற அளவைத்தான் பல நாடுகளின் கட்டட விதிகள் சக்கர நாற்காலிக்கு ஏற்ற சரிவாக வைத்திருக்கின்றன. சரிவு வந்த பிறகு குழந்தை வண்டி தள்ளும் அம்மாக்களும், சாமான் வண்டி இழுப்பவர்களும், மூட்டு வலி உள்ள தாத்தா பாட்டிகளும் அதில்தான் ஏறினார்கள்.

1975-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மாநில மறுவாழ்வுத் துறைக்கு ஓர் இயக்குநரை நியமித்தார். ஆம், எட் ராபர்ட்ஸ்தான். இவரால் வேலை பார்க்க முடியாது என்று எழுதிய அதே துறை! எட்டு ஆண்டுகள் அதை நடத்தினார். திருமணம் செய்துகொண்டார், ஒரு மகன் பிறந்தான். 1983-இல் நண்பர்களோடு சேர்ந்து உலக மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தைத் தொடங்கினார். 1990-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் அமெரிக்காவில் வந்ததைப் பார்த்தார். 1995 மார்ச்சில் 56-ஆம் வயதில் இறந்தார். அவருடைய சக்கர நாற்காலி இப்போது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்க்லியில் அவர் பெயரால் ஒரு கட்டடம் எழும்பியிருக்கிறது. உள்ளே நுழைந்தால் மாடிக்குச் சுழன்று ஏறும் பெரிய சிவப்புச் சாய்தளம் தெரியும்.

கடைசி நாள் வரை அவருக்கு உணவை வேறொருவர்தான் ஊட்டினார், உடையை வேறொருவர்தான் மாட்டினார், மூச்சுக்கு இயந்திரம் துணை நின்றது. அத்தனை உதவியோடுதான் ஒரு மாநிலத்தின் துறையை அவர் நடத்தினார்.

உங்களுக்கு இரண்டு வேலைகள் தருகிறேன். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் பள்ளியின் சாய்தளத்தின் உயரத்தையும் நீளத்தையும் அளந்து பாருங்கள். நீளம் உயரத்தைப் போல் 12 மடங்குக்குக் குறைவாக இருந்தால், அல்லது சாய்தளமே இல்லாவிட்டால், அந்தக் கணக்கை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்தது, சக்கர நாற்காலியில் வரும் நண்பர் யாராவது இருந்தால், பின்னால் போய்த் தள்ளத் தொடங்கும் முன் அவரிடம் கேளுங்கள். வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் எப்படி என்பதை அவரே சொல்வார். அவர் சொன்னபடி செய்யுங்கள்.